வந்த பணத்தை வங்கி திரும்ப எடுத்தால்

காலையில் செட்டில்மென்ட், அதாவது இணையத்தில் விற்ற பொருளுக்கான பணம், கணக்கில் வந்துவிட்டதா என்று பார்க்கிறீர்கள். வர வேண்டிய தொகையில் 18,500 ரூபாய் குறைகிறது. இணையத்தில் உங்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் கேட்வே நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. மூன்று வாரம் முன்பு நீங்கள் அனுப்பிய பட்டுப்புடவைக்கு, வாங்கியவர் தன் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார். இன்ன தேதிக்குள் ஆதாரம் தராவிட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். புடவை போய்ச் சேர்ந்தது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கட்டிக்கொண்டு அவர் வாட்ஸ்அப்பில் போட்ட ஸ்டேட்டஸைக்கூடப் பார்த்திருப்பீர்கள்.

கோபம் வருவது நியாயம்தான். அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து பதில் எழுதினால் தோற்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் பதிலைப் படிக்கப் போகிறவர் வாடிக்கையாளர் இல்லை. உங்களையும் தெரியாத, அவரையும் தெரியாத ஒரு வங்கி ஊழியர். அவர் முன்னால் இதுபோல இன்னும் எத்தனையோ கோப்புகள் கிடக்கும். உங்கள் கடை எத்தனை வருடம் நடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. அவர் பார்க்கப்போவது ஒரே ஒரு கேள்வியை. அந்தக் கேள்வி என்ன என்பது அந்த மின்னஞ்சலிலேயே ஓர் எண்ணாக இருக்கிறது.

அந்த எண்ணுக்கு வருவதற்குமுன், பணம் போகிற வழியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ரீஃபண்ட் வேறு, சார்ஜ்பேக் வேறு. ரீஃபண்ட் நீங்களாகத் திருப்பிக் கொடுப்பது. சார்ஜ்பேக் என்பது வாடிக்கையாளர் உங்களைத் தாண்டிப் போய்த் தனக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிட, அந்த வங்கி விசா அல்லது மாஸ்டர்கார்டு வலைப்பின்னல் வழியாக உங்கள் தரப்பு வங்கியிடமிருந்து பணத்தை இழுத்துக்கொள்வது. உங்கள் வங்கி கேட்வேயிடம் பிடிக்கும். கேட்வே உங்கள் அடுத்த செட்டில்மென்டில் பிடித்துக்கொள்ளும். முதலில் பிடித்தம், விசாரணை அப்புறம். கடைக்காரர்களுக்கு எரிச்சல் மூட்டுவது இந்த வரிசைதான்.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1974-இல் கடன் அட்டை பில் தகராறுகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. வாங்கிய பொருளில் குறை இருந்தால், கடையிடம் சொல்லக்கூடிய அதே காரணத்தைக் கார்டு கொடுத்த வங்கியிடமும் சொல்லிப் பணம் கட்ட மறுக்கலாம் என்றது அது. பொருள் 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், வாங்கிய இடம் அதே மாநிலத்திலோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ இருக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனையும் உண்டு. இணையத்தில் சிங்கப்பூரிலிருந்து காஞ்சிபுரத்துப் புடவை வாங்கலாம் என்று யாரும் நினைத்துப் பார்க்காத காலம். பிரிட்டனும் அதே 1974-இல் கடையோடு சேர்த்துக் கடன் கொடுத்தவரையும் பொறுப்பாக்கியது; இப்போது அது 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான பொருளுக்குப் பொருந்தும். இந்தியாவில் இப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. கார்டு நிறுவனங்களின் விதிப்புத்தகமும் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளும்தான் இங்கே சட்டம் மாதிரி. 2017 ஜூலையில் வந்த சுற்றறிக்கையின்படி, தான் செய்யாத பரிவர்த்தனை என்று ஒருவர் மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால், தவறு அவர் பக்கம் இல்லாதபோது அவருக்கு இழப்பே இல்லை. வங்கி பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக அவர் கணக்கில் வைக்க வேண்டும். வங்கி ஏன் இத்தனை அவசரப்படுகிறது என்பது இப்போது புரியும்.

சரி, அந்த எண். ரீசன் கோடு என்பார்கள். விசாவில் 10-இல் தொடங்குபவை மோசடி, 11 அனுமதி சம்பந்தப்பட்டது, 12 கணக்குப் பிழை, 13 நுகர்வோர் குறை. மாஸ்டர்கார்டில் 4837 என்றால் "இது நான் செய்யவில்லை", 4853 என்றால் பொருளிலோ சேவையிலோ குறை. பார்க்க அலுவலகச் சங்கதியாக இருந்தாலும், உங்கள் வழக்கு முழுவதும் இந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. 13.1 என்றால் "பொருள் வரவில்லை". அதற்குப் புடவையின் தரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் ஒரு பயனும் இல்லை. பொருள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

13.1-க்குக் கூரியரின் பிஓடி, அதாவது பொருளை ஒப்படைத்ததற்கான அத்தாட்சி, வேண்டும். அதிலும் "டெலிவர்டு" என்று ஒற்றை வார்த்தை காட்டும் டிராக்கிங் பக்கம் பலவீனமானது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த முகவரி, யார் வாங்கிக்கொண்டார் என்பதெல்லாம் வேண்டும். அந்த முகவரி ஆர்டரில் வாடிக்கையாளர் தானே தட்டிய முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஆர்டரில் மாம்பலம், பிஓடியில் "சென்னை" என்று மட்டும் இருந்தால் எதிர்ப்பக்கம் அந்த ஓட்டை வழியாக நுழைந்துவிடும். ஓடிபி வாங்கிக்கொண்டு ஒப்படைக்கும் முறை இருந்தால் அதுவே நல்லது. தபால் துறையின் ஸ்பீட் போஸ்டில்கூட 2025 அக்டோபர் முதல் அந்த வசதி இருக்கிறது. இன்னொன்று: பல கூரியர்கள் பழைய டிராக்கிங் விவரத்தைச் சில மாதங்களில் தளத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். வாடிக்கையாளருக்குப் புகார் செய்யப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அவர் புகார் செய்கிற அன்று நீங்கள் தேடினால் பக்கம் வெறுமையாக இருக்கும். பொருள் சேர்ந்த அன்றே பிஓடியை இறக்கி ஆர்டர் எண்ணின் பெயரில் சேமித்துவைப்பது சலிப்பான வேலைதான், செய்துவிடுங்கள்.

13.3 கொஞ்சம் சிக்கலானது. "சொன்னது ஒன்று, வந்தது ஒன்று." நிறம் வேறு, ஜரிகை அசல் இல்லை, கிழிசல். இதில் ஆதாரம் இரண்டு பக்கமும் படமாகவே இருக்கும். உங்கள் தளத்தில் அந்தப் பொருளின் பக்கம் அன்று எப்படி இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். இன்று எப்படி இருக்கிறது என்பது யாருக்கும் வேண்டாம். பிரச்சினை வந்தபிறகு விவரணையைத் திருத்திவிட்டு அதன் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பும் கடைகள் உண்டு; அது தானாகத் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்வது. இந்தக் கோடில் உங்களுக்குச் சாதகமாக ஒரு விதி இருக்கிறது. வாடிக்கையாளர் முதலில் கடையோடு பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும், பொருளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது அனுப்பவாவது முயன்றிருக்க வேண்டும். புடவையும் வேண்டும் பணமும் வேண்டும் என்பதற்கு விசா விதியில் இடமில்லை. "திருப்பி அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்று நீங்கள் அனுப்பிய செய்தியும், அதற்கு அவர் பதிலே போடாததும் சேர்ந்து நல்ல ஆதாரம். ஆனால் "விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்து வைத்திருந்தால் அது இங்கே கேடயம் ஆகாது. கிழிந்த புடவைக்கு அந்த வரி செல்லாது. மனம் மாறித் திருப்புகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும், அதுவும் பணம் கட்டுவதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டிருந்தால்.

13.6, அதாவது ரீஃபண்ட் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்ற புகார். தந்திருந்தால் ஏஆர்என் எண்ணை, அதாவது அந்த ரீஃபண்டை வங்கியில் தேடிப் பார்க்க உதவும் அடையாள எண்ணை, கொடுத்தால் போதும், வேலை முடிந்தது. ஒரே பில்லுக்கு இரண்டு முறை பிடித்ததாகச் சொன்னால், அவை இரண்டு தனி ஆர்டர் என்பதற்கு இரண்டு இன்வாய்ஸ் காட்ட வேண்டும்.

ரீஃபண்ட் பேச்சு வந்ததால் ஒரு விஷயத்தை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சார்ஜ்பேக் வந்தபிறகு, "சரி, தொல்லை விட்டது" என்று டேஷ்போர்டுக்குப் போய் ரீஃபண்ட் பொத்தானை அமுக்காதீர்கள். சார்ஜ்பேக்கில் ஒரு முறை பணம் போயிருக்கும், ரீஃபண்டில் இன்னொரு முறை போகும். திருப்பித் தருவதுதான் எண்ணம் என்றால் சார்ஜ்பேக்கை ஏற்றுக்கொள்வதாகப் பதில் கொடுங்கள், அது போதும். வாடிக்கையாளரே போன் செய்து "தெரியாமல் பண்ணிட்டேன், வாபஸ் வாங்கிடறேன்" என்றாலும் அந்த வாக்கை நம்பிக் கெடு தேதியைத் தவறவிடக் கூடாது. தன் வங்கிக்கு அவர் அனுப்பிய வாபஸ் மின்னஞ்சலின் நகலை வாங்கி, அதையும் இணைத்து, உங்கள் பதிலை நேரத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

கெடு தேதி என்றால் எத்தனை நாள்? பதில் சொல்ல விசா 30 நாளும் மாஸ்டர்கார்டு 45 நாளும் தருகின்றன. காகிதத்தில்தான் அத்தனை. இடையில் உங்கள் வங்கியும் கேட்வேயும் தங்கள் வேலைக்கென்று நாட்களை எடுத்துக்கொண்டபிறகு உங்கள் கைக்கு வருவது சில நாட்கள். அந்த மின்னஞ்சல் விளம்பர அஞ்சல்களோடு கலந்து கிடந்து, பார்க்கும்போது தேதி தாண்டியிருப்பது புதிய கதை அல்ல. சரியான ஆதாரம் கையில் வைத்துக்கொண்டே தோற்பது இப்படித்தான்.

இனி பதில் எழுதும் விதம். ஒரு பக்கம் போதும். ஆர்டர் எண், தேதி, தொகை, ரீசன் கோடு, நாங்கள் மறுக்கிறோம் என்ற ஒரு வரி. அதன் கீழே தேதிவாரியாக நடந்தது: 3-ஆம் தேதி ஆர்டர், 4-ஆம் தேதி அனுப்பியது, 7-ஆம் தேதி மாலை ஒப்படைத்தது, 9-ஆம் தேதி வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் நன்றி சொன்னது. ஒவ்வொரு வரிக்கும் இணைப்பு எண். இணைப்புகளை ஒரே பிடிஎஃப் ஆகக் கோத்து, முக்கியமான வரியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் படிக்கிறவருக்கு வேலை மிச்சம். ஆர்டரில் உள்ள பெயரும் கைபேசி எண்ணும் வாட்ஸ்அப் உரையாடலில் உள்ள எண்ணும் ஒன்றே என்று தெரியும்படி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த உரையாடல் யாருடையதோ ஆகிவிடும்.

நம் ஊர்க் கடைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். பேச்சுவார்த்தை எல்லாம் தமிழில் இருக்கும், அல்லது ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் இருக்கும். "saree semma" என்று எழுதிக் காட்டினால் டொரன்டோவிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு என்ன புரியும்? தமிழ் வரிகளுக்குப் பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பை நீங்களே போட்டுத் தர வேண்டும். வாய்ஸ் மெசேஜை யாரும் கேட்கப்போவதில்லை. பேசியதை எழுதி, தேதி போட்டுத் தாருங்கள். அவர் கட்டிக்கொண்டு போட்ட அந்த ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கே அவர் அனுப்பிய நன்றிச் செய்திதான் நிற்கும். வாடிக்கையாளரைத் திட்டும் வரி ஒன்றுகூட வேண்டாம். அவர் ஏமாற்றுக்காரர் என்று நீங்கள் சொல்வதால் எதுவும் நிரூபணம் ஆவதில்லை, உங்கள் பதிலின் நிதானம்தான் கெடும்.

அவர் ஏமாற்றுக்காரராக இல்லாமலும் இருக்கலாம். வங்கி ஸ்டேட்மென்டில் தெரியாத பெயரைப் பார்த்துப் பதறிப் புகார் செய்பவர்கள் நிறையப் பேர். இன்ஸ்டாகிராமில் கடைக்கு அழகான ஒரு பெயர் இருக்கும். ஜிஎஸ்டி பதிவு அப்பா பெயரில் ஏதோ ஒரு என்டர்பிரைசஸ் ஆக இருக்கும். ஸ்டேட்மென்டில் வருவது அந்த என்டர்பிரைசஸ். வீட்டில் மனைவி வாங்கியது கணவருக்குத் தெரியாது, பிள்ளை ஆன்லைன் விளையாட்டுக்குப் பணம் கட்டியது அப்பாவுக்குத் தெரியாது. ஸ்டேட்மென்டில் வரும் பெயரைக் கடைப் பெயராக மாற்றித் தரச் சொல்லி கேட்வேயிடம் கேட்பது பெரிய வேலை இல்லை. அது முடியாவிட்டால், பணம் கட்டி முடித்த பக்கத்திலும் பில்லிலும் "உங்கள் வங்கிக் கணக்கில் இந்தப் பெயரில் வரும்" என்று ஒரு வரி போடலாம்.

மோசடிக் கோடான 10.4-க்கு வருவோம். "நான் வாங்கவே இல்லை." இதில் இந்தியக் கடைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இணையத்தில் கார்டு வழி பணம் கட்ட இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. 3டி செக்யூர் என்ற அந்தச் சரிபார்ப்பு முறை வழியாக ஓடிபி போட்டு நடந்த பரிவர்த்தனையில், மோசடி என்று பின்னால் தெரிந்தாலும் பொறுப்பு பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும். எல்லோரும் அலுத்துக்கொள்ளும் அந்த ஓடிபிதான் உங்கள் பணத்தைக் காக்கிறது. ஆனால் அது மோசடிப் புகாருக்கு மட்டும்தான். பொருள் வரவில்லை, குறையிருக்கிறது என்ற புகார்களுக்கு ஓடிபி ஒரு பதிலே இல்லை; இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஓடிபி போட்டாரே" என்றே எழுதிக்கொண்டிருக்கும் பதில்கள் வீணாகின்றன.

வெளிநாட்டுக் கார்டு என்றால் இந்தச் சௌகரியம் போய்விடலாம். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் தமிழர் தீபாவளிக்குப் புடவை வாங்கும்போது பல நேரங்களில் கார்டு எண்ணை மட்டும் தட்டிப் பணம் கட்டிவிடுவார். சரிபார்ப்பு நடக்காத அந்தப் பரிவர்த்தனையில் திருட்டுக் கார்டின் பொறுப்பு உங்கள் தலையில். வெளிநாட்டுக் கார்டுக்கும் 3டி செக்யூரைக் கட்டாயமாக்க முடியுமா என்று கேட்வேயிடம் கேளுங்கள். சில ஆர்டர்கள் பாதியில் நின்றுபோகும், அந்த விலை கொடுக்கத் தகுந்ததா என்று கணக்குப் போடுவது உங்கள் வேலை. முதல்முறை வாங்குபவர், பெரிய தொகை, நாளைக்கே அனுப்பச் சொல்கிறார், கார்டு ஒரு நாட்டுடையது, முகவரி இன்னொரு நாடு, நான்கு கார்டு போட்டுப் பார்த்து ஐந்தாவதில் பணம் கட்டியிருக்கிறார்: இத்தனையும் சேர்ந்தால் அனுப்புவதற்குமுன் ஒரு போன் போட்டுப் பேசிவிடுவது மேல்.

பழைய வாடிக்கையாளரே "நான் வாங்கவில்லை" என்று சொல்லும்போது, விசா 2023 ஏப்ரலில் கொண்டுவந்த ஒரு விதி கைகொடுக்கும். அதே கார்டில் அவர் முன்பு புகாரில்லாமல் வாங்கிய இரண்டு ஆர்டர்களைக் காட்டலாம். அவை 120 நாளுக்கு முந்தையவையாகவும் 365 நாளுக்குள்ளும் இருக்க வேண்டும். இப்போதைய ஆர்டரோடு குறைந்தது இரண்டு விவரங்கள் ஒத்துப்போக வேண்டும். அதில் ஒன்று ஐபி முகவரியாகவோ கருவியின் அடையாளமாகவோ இருந்தே தீர வேண்டும். பொறுப்பு திரும்பவும் அவர் வங்கிக்கே போகும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பேமென்ட் லிங்க் அனுப்பும் கடைகளிடம் பெரும்பாலும் இந்த விவரம் இருக்காது. தளம் வைத்து, கணக்குத் தொடங்க வைத்து விற்பதற்கு இப்படியும் ஒரு லாபம் இருக்கிறது.

யுபிஐ கதை வேறு. அங்கே யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் (என்பிசிஐ) விதிகள். வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கடைக்கு வரவில்லை என்ற வகைத் தகராறு அங்கே சாதாரணம். அந்தப் பரிவர்த்தனைக்கு உரிய 12 இலக்க ஆர்ஆர்என் எண்ணை வைத்து உங்கள் செட்டில்மென்டில் வந்ததா என்று பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பணம் வந்து சேர்ந்ததா, திருப்பப்பட்டதா என்று பெறும் பக்கத்து வங்கி கொடுக்கும் தகவலை வைத்து, சார்ஜ்பேக்கைத் தானாகவே ஏற்கவோ நிராகரிக்கவோ செய்யும் முறை 2025 பிப்ரவரி 15 முதல் வந்திருக்கிறது. சும்மா சும்மாப் புகார் செய்பவர்களுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஒரு வாடிக்கையாளர் 30 நாளில் பத்து, ஒரே கடைமீது என்றால் ஐந்து. அதைத் தாண்டி நியாயமான புகார் வந்தால் வங்கியே முன்வந்து எழுப்ப 2025 ஜூலையில் வழிவிட்டிருக்கிறார்கள்.

சார்ஜ்பேக்கோடு பலர் குழப்பிக்கொள்வது கணக்கு முடக்கம். யாரோ ஏமாந்த பணம் கைமாறிக் கைமாறி, அதில் 600 ரூபாய்க்கு ஒருவர் உங்கள் கடையில் மளிகை வாங்கியிருப்பார். ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்ய, பணம் போன தடத்தில் இருக்கும் கணக்குகளுக்கெல்லாம் லீன், அதாவது பணத்தை எடுக்க முடியாத தடை, விழும், உங்களுக்கும். இதற்குக் கேட்வேயிடம் பதில் எழுதிப் பயனில்லை. இது காவல் துறை விவகாரம். வங்கிக் கிளையில் புகார் எண்ணையும் எந்த ஊர்க் காவல் நிலையம் என்பதையும் எழுத்தில் வாங்கி, அந்த 600 ரூபாய்க்கான பில்லோடு அந்த நிலையத்துக்கு எழுத வேண்டும். தகராறில் உள்ள தொகையை மட்டும்தான் பிடித்துவைக்க வேண்டும், கணக்கு முழுவதையும் அல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது; கேட்கும்போது அதைச் சுட்டிக்காட்டலாம்.

எல்லாவற்றுக்கும் சண்டை போட வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. 900 ரூபாய் குர்த்திக்கு, கூரியர் பிஓடி அரைகுறையாக இருக்கும்போது, ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து கோப்பு தயாரிப்பதைவிட விட்டுவிடுவது லாபம். உங்கள் பதிலை அவர் வங்கி ஏற்காமல் அடுத்த சுற்றுக்குப் போய், கடைசியில் விசாவோ மாஸ்டர்கார்டோ தீர்ப்புச் சொல்லும் மத்தியஸ்தம் வரை போனால், தோற்றவர் தலையில் சில நூறு டாலர் கட்டணம் விழும். புடவைக்கு அது பொருந்தாது, நகைக்குப் பொருந்தலாம். ஆனால் விட்டுவிடுவது என்று முடிவெடுத்தாலும் எண்ணிக்கையில் கண் இருக்கட்டும். மாஸ்டர்கார்டில் ஒரு மாதத்தில் 100 சார்ஜ்பேக்கும் 1.5 சதவீதமும் தாண்டினால் கடை கண்காணிப்புப் பட்டியலுக்குப் போகும். விசா 2025 ஏப்ரலில் மோசடிப் புகார்களையும் தகராறுகளையும் சேர்த்தே எண்ணும் புது முறைக்கு மாறியது. இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் ஜெயித்த சார்ஜ்பேக்கும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுதான். அதனால்தான் புகார் முறையாகப் பதிவாகும் முன்பே கடைக்குத் தகவல் சொல்லி ரீஃபண்ட் கொடுக்க வைக்கும் எச்சரிக்கைச் சேவைகள் வந்தன. அப்படிச் செய்துகொண்டிருந்த வெரிஃபை நிறுவனத்தை விசாவும் ஈத்தோகாவை மாஸ்டர்கார்டும் 2019-இல் வாங்கிக்கொண்டன.

அதைவிட மலிவான வழி, கடைக்குப் போன் செய்தால் யாராவது எடுப்பது. 2020-இன் மின்வணிக விதிகள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. வங்கிக்கு எழுதுவதைவிட உங்களிடம் சொன்னால் சீக்கிரம் முடியும் என்று தெரிந்த வாடிக்கையாளர் அந்தப் பக்கம் போக மாட்டார். போனை யாரும் எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் மட்டும் விழுகிறது என்றால் அவர் வேறு எங்கே போவார்?

தோற்றுவிட்டாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. வங்கி தீர்மானிப்பது கார்டு விதிப்படி அந்தப் பணம் யார் கணக்கில் இருக்க வேண்டும் என்பதைத்தான். விற்ற பொருளுக்கு விலை பாக்கியா இல்லையா என்பதை அது தீர்மானிப்பதில்லை. பெரிய தொகை என்றால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் வழக்கும் போடலாம். 18,500 ரூபாய்க்கு யாரும் போவதில்லை. வாடிக்கையாளரின் கைபேசி எண்ணையும் முகவரியையும் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த தடவை அவர் கேட்டால் நேரடி வங்கி மாற்றலுக்கு மட்டும் கடைக்காரர்கள் பொருள் அனுப்புவார்கள்.